இன்ஸ்டால் பண்ணச் சொன்னா ரிமூவ் பண்ணுதே: ஆப்ட், டிஎன்எஃப், பேக்மேன், ஸிப்பர்ல எதை எடுக்கலாம்?

லினக்ஸ்ல எந்த டிஸ்ட்ரோ (உபுண்டு, ஃபெடோரா மாதிரி லினக்ஸோட ஒரு வகை) போடலாம்னு கேக்குறவங்க பெரும்பாலும் டெஸ்க்டாப் பாக்க எப்படி இருக்கு, கேம் ஓடுமா, தமிழ் டைப்பிங் சரியா வருமான்னு தான் பாக்குறாங்க. அதெல்லாம் கொஞ்ச நாள்ல பழகிடும் இல்ல மாத்திக்கலாம், ஆனா சாஃப்ட்வேரை ஏத்துற, எடுக்குற, அப்டேட் பண்ற பேக்கேஜ் மேனேஜர் அந்த மெஷின் இருக்குற வரைக்கும் கூடவே வரும். அதுலயும் நான் முதல்ல பாக்கச் சொல்றது ஒரே ஒரு விஷயம் தான்: நீங்க ஒரு சாஃப்ட்வேரை ஏத்தச் சொன்னப்ப அது வேற எதையாவது தூக்கணும்னு முடிவு பண்ணா, உங்ககிட்ட தனியா பெர்மிஷன் கேக்குதா, இல்ல ஏத்துறதுக்கு நீங்க குடுத்த ஓகேலயே தூக்குறதையும் சேத்து முடிச்சுக்குதா. நாலு பெரிய பேக்கேஜ் மேனேஜரும், அதாவது உபுண்டு, டெபியனோட ஆப்ட், ஃபெடோராவோட டிஎன்எஃப், ஆர்ச்சோட பேக்மேன், ஓப்பன்சூஸேவோட ஸிப்பர், இதுல நாலு மாதிரி நடந்துக்குது.

தூக்குறதுன்னு ஏன் வருதுன்னு மொதல்ல தெரிஞ்சுக்கணும், இல்லன்னா எல்லாமே ஏதோ பக்னு தோணும். ஒவ்வொரு பேக்கேஜும் தனக்கு இன்னது வேணும், இந்த வெர்ஷன் வேணும், இன்னதோட சேந்து இருக்க முடியாதுன்னு எழுதி வச்சிருக்கும். இதையெல்லாம் ஒரே நேரத்துல திருப்திப்படுத்துற ஒரு செட்டை கண்டுபிடிக்கிறது தான் பேக்கேஜ் மேனேஜருக்குள்ள இருக்குற சால்வரோட வேலை. இது என்பி-கம்ப்ளீட் வகை பிரச்சனைன்னு ஐரோப்பாவுல நடந்த ஈடாஸ் ஆராய்ச்சில 2000களின் நடுவுலயே காட்டிட்டாங்க, அதாவது எல்லா கேஸுக்கும் வேகமா வழி சொல்ற சுருக்கமான முறை யாருக்கும் தெரியாது. சால்வரைப் பொறுத்தவரை ஒரு பேக்கேஜை எடுத்துட்டாலும் கணக்கு சரியாயிடும், அதனால அதுவும் ஒரு சரியான விடை தான். புது பீரோ உள்ள போக இடம் இல்லன்னதும் கட்டிலை தூக்கி வெளிய வச்சுட்டு வேலை முடிஞ்சதுன்னு சொல்ற மாதிரி. கட்டில் உங்களுக்கு வேணுமா வேணாமான்னு அதுக்கு எப்படி தெரியும், நீங்க சொன்னா தான் உண்டு.

தூக்குறதுலயும் மூணு விதம் இருக்கு. ஒண்ணு, புதுசா வர்றதுக்கும் ஏற்கனவே இருக்குறதுக்கும் ஒத்துப்போகாம பழசு போறது. ரெண்டாவது, நீங்க ஒண்ணை ரிமூவ் பண்ணும்போது அதை நம்பி இருந்த எல்லாமே கூட போறது. மூணாவது, வேற எதுக்கோ துணையா வந்த பேக்கேஜ், இப்ப யாருக்கும் வேண்டாம்னு கணக்கு பண்ணி போறது. ஒரு மேனேஜர் முதல் விஷயத்துல நல்லா இருந்து மூணாவதுல காலை வாரலாம், அதனால மொத்தமா இது நல்லது அது கெட்டதுன்னு பேசுறதுல பிரயோஜனம் இல்ல.

ஆப்ட்ல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா உபுண்டு, மின்ட், டெபியன்னு நம்மள்ல நெறைய பேர் அதுல தான் இருக்கோம், சென்னை சி-டாக்ல உருவான பாஸ் லினக்ஸும் டெபியன் வழி தான். ஆப்ட்ல இன்ஸ்டால்னு குடுத்தா அந்த ஒரு கமாண்டுக்குள்ளயே ஏத்துறதும் அடங்கும், தேவைப்பட்டா தூக்குறதும் அடங்கும். ஸ்க்ரீன்ல எல்லாத்தையும் காட்டும், மறைக்கிறதே இல்ல, ஆனா கடைசில கேக்குற கேள்வி ஒண்ணே ஒண்ணு தான், தொடரலாமா, அதுல ஒய் தான் பெரிய எழுத்துல இருக்கும், அப்படின்னா சும்மா எண்டர் தட்டினா சரின்னு அர்த்தம். நாப்பது வரி ஓடுற லிஸ்ட்டுக்கு நடுவுல ரிமூவ் பண்ணப் போற பேர் இருக்குறதும் சாதாரணமா ரெண்டு பேக்கேஜ் ஏத்துறதும் ஒரே கேள்வில முடியுது. எனக்கு இதுல தான் முக்கியமான குறை.

இது எவ்வளவு தூரம் போகும்னு 2021 நவம்பர்ல உலகமே பாத்துச்சு. லைனஸ் செபாஸ்டியன்னு பெரிய யூடியூபர், லினக்ஸை தினசரி யூஸ் பண்ணிப் பாக்குறேன்னு ஆப்ட்ல ஓடுற பாப் ஓஎஸ் போட்டு ஸ்டீம்ங்குற கேம் ஆப்பை ஏத்தப் போனார். மொதல்ல கிராஃபிக்கல் கடைல ட்ரை பண்ணாரு, அது எரர் சொல்லி நின்னுடுச்சு, அப்புறம் டெர்மினல்ல அதே வேலைய குடுத்தாரு. அந்த சமயத்துல ரெப்போல, அதாவது பேக்கேஜ் எல்லாம் வர்ற சர்வர்ல, 32-பிட் பேக்கேஜும் 64-பிட் பேக்கேஜும் வெர்ஷன் ஒத்துப்போகாம இருந்தது, டெபியன் முறைல ரெண்டு ஆர்க்கிடெக்சருக்கும் சேத்து ஏத்துற லைப்ரரி ரெண்டும் அச்சு அசல் ஒரே வெர்ஷனா இருந்தே ஆகணும். சால்வர் கண்டுபிடிச்ச வழி டெஸ்க்டாப்பையே எடுக்குறது. ஆப்ட் எச்சரிச்சது, அத்தியாவசியமான பேக்கேஜ் போகப் போகுது, உறுதின்னா "எஸ், டூ ஆஸ் ஐ சே!"ன்னு முழுசா டைப் பண்ணுன்னு கேட்டது, அவரும் டைப் பண்ணார், டெஸ்க்டாப் போச்சு. அவர் படிக்கலன்னு அப்ப நெறைய பேர் திட்டினாங்க. நான் அந்தப் பக்கம் இல்ல. கேம் ஏத்த வந்த ஆளுக்கு முன்னாடி டெஸ்க்டாப்பை எடுக்குறதை ஒரு ஆப்ஷனா வைக்கிறதே தப்பு, கடை நிறுத்தின இடத்துல டெர்மினலும் நிறுத்தியிருக்கணும்.

ஆப்ட் எழுதுறவங்களும் அதை அப்படித்தான் எடுத்துக்கிட்டாங்க. அதே மாசம் வந்த 2.3.12ல இருந்து சால்வர் தானா அத்தியாவசிய பேக்கேஜை எடுக்கவே முயற்சி பண்ணாது, அந்த வாக்கியம் டைப் பண்ற வேலையும் எடுத்தாச்சு, உண்மையிலேயே எடுத்தே ஆகணும்னா அதுக்குன்னு தனி ஆப்ஷன் குடுக்கணும். 2025ல வந்த 3.0ல போறது சிவப்புலயும் வர்றது பச்சையிலயும் தெரியும், சின்ன மாற்றம் தான் ஆனா கண்ணுக்கு உடனே படுது. அதுல புது சால்வர் ஒண்ணும் இருக்கு, --சால்வர் 3.0ன்னு குடுத்து கூப்பிடலாம். பழைய சால்வர் பேக்கேஜுக்கு பேக்கேஜ் மார்க் போட்டு, மார்க் கம்மியா இருக்குறதை விட்டுக்கொடுக்க வைக்கும், நீங்க கையால ஏத்தினதும் அதுல பலியாகலாம். புது சால்வர் நீங்க கையால ஏத்தின எதையும் எடுக்கச் சொல்லி கேக்காதுன்னு தான் எழுத ஆரம்பிச்சாங்க. ஆப்ட் இத்தனை வருஷத்துல எடுத்த முடிவுகள்லயே எனக்கு ரொம்ப பிடிச்சது இது தான்.

ஆனா எல்லா தடவையும் சால்வரை குத்தம் சொல்ல முடியாது. 2024 தொடக்கத்துல டெபியன் அன்ஸ்டேபிள்ல (மாறிக்கிட்டே இருக்குற கிளை) இருந்தவங்களுக்கு நூத்துக்கணக்குல பேக்கேஜ் போகப் போகுதுன்னு ஆப்ட் காட்டிக்கிட்டே இருந்துச்சு. 2038ல 32-பிட் நேரக் கணக்கு முட்டிக்கும்ங்குறதுக்காக அதை 64-பிட்டா மாத்தினாங்க, அதுக்காக ஏகப்பட்ட லைப்ரரியோட பேர் பின்னாடி டி64ன்னு சேந்துச்சு, புதுசு வந்தா அதே லைப்ரரியோட பழைய பேர்ல இருக்குறது போயே ஆகணும், ஆனா பழசை நம்பின ப்ரோகிராம் எல்லாம் இன்னும் புதுசுக்கு பில்ட் ஆகல. அந்த நேரத்துல உண்மையிலேயே வேற விடை இல்ல. என் கருத்துல அப்ப ஒரே சரியான வேலை, வேணாம்னு சொல்லிட்டு சில வாரம் காத்திருக்குறது தான், மாற்றம் முடிஞ்சதும் அதே அப்கிரேட் பழைய பேர் லைப்ரரியைத் தவிர வேற எதையும் எடுக்காம போச்சு.

ஆப்ட்ல இருக்குறவங்க மூணு கமாண்டு வித்தியாசத்தை கண்டிப்பா மனசுல வச்சுக்கணும். ஆப்ட்டோட பழைய கமாண்டான ஆப்ட்-கெட்ல அப்கிரேட் குடுத்தா புதுசா எதையும் ஏத்தாது, எதையும் எடுக்காது. ஆப்ட் அப்கிரேட் தேவைன்னா புதுசா ஏத்தும், எடுக்காது. ஃபுல்-அப்கிரேட், அதோட பழைய பேர் டிஸ்ட்-அப்கிரேட், அது எடுக்கவும் எடுக்கும். வழக்கமான அப்டேட்டுக்கு யாராவது ஃபுல்-அப்கிரேட் பண்ணச் சொன்னா, ஸ்டேபிள் ரிலீஸ்ல இருக்குறவங்களுக்கு அது தேவையே இல்ல. அப்புறம் மைனஸ் ஒய் பத்தி, அதாவது எந்தக் கேள்விக்கும் தானா சரின்னு சொல்லிடுற ஆப்ஷன். அது அத்தியாவசிய பேக்கேஜ் போறது, மாத்தக் கூடாதுன்னு நிறுத்தி வச்சதை மாத்துறது மாதிரி சில கேஸ்ல மட்டும் தான் நிக்கும், மத்தபடி உங்க டேட்டாபேஸ் சர்வர் போறதா இருந்தாலும் சரின்னு சொல்லிட்டு போயிடும். இதுக்கு நேர் மருந்து ஆப்ட்-கெட்லயே இருக்கு, --நோ-ரிமூவ். எதாவது ஒண்ணு போகணும்னு வந்தாலே கேள்வி கேக்காம நிறுத்திடும். ஸ்க்ரிப்ட்ல மைனஸ் ஒய் எழுதுற எல்லாரும் பக்கத்துலயே இதையும் எழுதணும். இத்தனை வருஷமா மேனுவல்ல இருக்கு, நெட்ல காப்பி பண்ண கிடைக்கிற ஸ்க்ரிப்ட்ல தேடினாலும் கிடைக்கிறதில்ல.

இன்னொரு விஷயமும் ஆப்ட்-கெட்ல உண்டு. பேர்ல புள்ளி மாதிரி குறி போட்டா, அந்தப் பேர்லயே ஒரு பேக்கேஜ் இல்லாதபட்சத்துல அதை ரெகுலர் எக்ஸ்பிரஷனா (பல பேருக்கு ஒரே நேரத்துல பொருந்துற தேடல் பேட்டர்ன்) எடுத்துக்கும், அதுவும் பேரோட எந்த இடத்துல பொருந்தினாலும் போதும். ஆரம்பத்துல மட்டும் தான் பாக்கும்னு நெனச்சு ரிமூவ் குடுத்தா சம்பந்தமே இல்லாததும் லிஸ்ட்ல வரும். 2020ல வந்த 2.0ல இருந்து ஆப்ட் கமாண்டுல இதை கட் பண்ணிட்டாங்க, ஆப்ட்-கெட்ல இன்னும் அப்படியே இருக்கு.

டிஎன்எஃப் இதை வேற மாதிரி பாக்குது. ஃபெடோரா 22ல, 2015ல, யம்ங்குற பழைய பேக்கேஜ் மேனேஜருக்கு பதிலா வந்துச்சு, உள்ள இருக்குற சால்வர் லிப்சால்வ், ஓப்பன்சூஸேல பொறந்தது. இதுல இன்ஸ்டால்னா இன்ஸ்டால் மட்டும் தான். ஏற்கனவே இருக்குற ஒண்ணோட முட்டுச்சுன்னா முடியாதுன்னு எரர் சொல்லி நிக்கும், வேணும்னா --அலோ-இரேசிங் (--allowerasing) போட்டு திரும்ப ட்ரை பண்ணுன்னு கீழ ஒரு வரி எழுதும். அதாவது தூக்குறதுக்கான பெர்மிஷனை நீங்க தனியா, புதுசா டைப் பண்ணி குடுக்கணும். கடைசி கேள்விலயும் என் தான் பெரிய எழுத்து, எண்டர் தட்டினா வேணாம்னு அர்த்தம். ஆப்ட்டோட ஒப்பிட்டா இந்த ரெண்டுமே நேர் எதிர். டிஎன்எஃப்பையோ சிஸ்டத்தை ஆரம்பிச்சு ஓட்டுற சிஸ்டம்டியையோ ஓடிக்கிட்டு இருக்குற கெர்னலையோ எடுக்கப் பாத்தா பாதுகாக்கப்பட்டதுன்னு மறுத்துடும். அந்த லிஸ்ட்ல நம்ம பேக்கேஜையும் சேக்கலாம், ஆபீஸ் மெஷினா இருந்தா டெஸ்க்டாப் பேக்கேஜ் பேரை அதுல ஒரு வரி எழுதி வச்சுடுங்க.

ஒரு கவலை என்னன்னா மக்கள் --அலோ-இரேசிங்கை பழக்கமாக்கிக்கிறாங்க. ஃபெடோரால வர்ற எஃப்எஃப்எம்பெக் (வீடியோ, ஆடியோவை மாத்துற டூல்) பேட்டன்ட் காரணமா குறைச்ச வெர்ஷன், முழு வெர்ஷன் ஆர்பிஎம் ஃப்யூஷன்ங்குற வெளி ரெப்போல இருக்கு, ரெண்டும் ஒண்ணா இருக்க முடியாது, அதனால மாத்துறதுக்கு அந்த ஆப்ஷன் போட்டே ஆகணும். அங்க சரி தான். ஆனா அங்க காப்பி பண்ணினதை அடுத்த எரர் வரும்போதும் யோசிக்காம போட்டா டிஎன்எஃப் குடுத்த பாதுகாப்பு மொத்தமும் போச்சு.

டிஎன்எஃப் காலை வாருற இடம் மூணாவது விதத்துல தான். நீங்க ஒரு வீடியோ எடிட்டர் ஏத்துறீங்க, அது துணைக்கு எஃப்எஃப்எம்பெக்கை கூட்டிட்டு வருது, நாளாக நாளாக நீங்க எஃப்எஃப்எம்பெக்கை தனியா தினமும் யூஸ் பண்றீங்க, ஒரு நாள் எடிட்டர் வேணாம்னு ரிமூவ் குடுக்குறீங்க. டிஎன்எஃப் எஃப்எஃப்எம்பெக்கையும் அதே மூச்சுல எடுக்கும், டீஃபால்ட்டே அப்படித்தான், அது வேணாம்னா --நோ-ஆட்டோரிமூவ் போடணும். ஆப்ட் அதே கேஸ்ல விட்டுடும், இனி தேவைப்படாதுன்னு சொல்லி ஆட்டோரிமூவ் பண்ணச் சொல்லும், நீங்க அதை ஓட்டுற வரைக்கும் அது இருக்கும். பேக்மேன்ல வெறும் மைனஸ் ஆர்னா இருக்கும், எஸ் சேத்தா போயிடும். ஸிப்பரும் --க்ளீன்-டெப்ஸ்னு கேட்டா தான் எடுக்கும். நாலுலயும் வழி ஒண்ணு தான், உங்களுக்கு வேணும்ங்குறதை கையால ஏத்தினதா குறிச்சு வைக்கணும், ஆப்ட்-மார்க் மேனுவல், டிஎன்எஃப் மார்க், பேக்மேன் -D --asexplicit.

டிஎன்எஃப்போட ஹிஸ்டரி அண்டூ நல்ல வசதி, ஒவ்வொரு தடவை நடந்ததுக்கும் நம்பர் இருக்கும், அந்த நம்பரை சொன்னா திருப்பி வைக்கும். ஆனா ஃபெடோராவோட அப்டேட் ரெப்போல புது வெர்ஷன் மட்டும் தான் இருக்கும், பழசு அங்க இல்லன்னா அண்டூவால கொண்டு வர முடியாது. எடுத்ததை உடனே திருப்புறதுக்கு நம்பலாம், ஒரு மாசம் கழிச்சு அப்கிரேடை திருப்புறதுக்கு நம்பக் கூடாது.

பேக்மேன் பத்தி வெளில இருக்குற பேரு ஆர்ச்னா கஷ்டம், உடையும்னு. தூக்குற விஷயத்துல மட்டும் பாத்தா அது ரொம்ப நேர்மையான ஆளு. ஒரு பேக்கேஜை எடுக்கச் சொன்னா, அதை நம்பி வேற ஏதாவது இருந்தா முடியாதுன்னு சொல்லி யாருக்கு வேணும்னு காட்டிட்டு நிக்கும், தானா கூட எதையும் இழுத்துட்டு போகாது, அதுக்கு சி சேத்து மைனஸ் ஆர்சின்னு நீங்க தான் கேக்கணும். ஏத்தும்போது முட்டினா, அதை எடுத்துடவான்னு அந்த ஒரு பேக்கேஜ் பேரைச் சொல்லி தனிக் கேள்வி கேக்கும், அதுக்கு டீஃபால்ட் வேணாம். பேக்கேஜோட பேர் மாறி புதுசு வந்திருந்தா மாத்தவான்னு கேக்குறதுக்கு மட்டும் டீஃபால்ட் சரி. --நோ-கன்ஃபர்ம் போட்டாலும் முட்டல் கேள்விக்கு வேணாம்னே எடுத்துக்கிட்டு மொத்தமா நின்னுடும், ஆப்ட்ல மைனஸ் ஒய் பண்றதை நெனச்சுப் பாருங்க.

ஆர்ச்ல பிரச்சனை தூக்குறதுல இல்ல, பாதி அப்கிரேடுல. ரெப்போ லிஸ்ட்டை மட்டும் புதுப்பிச்சுட்டு ஒரே ஒரு பேக்கேஜ் ஏத்தினா, புது லைப்ரரி வந்து பழைய ப்ரோகிராம் ஓடாம போகும், அதுக்கு சப்போர்ட் கிடையாதுன்னு அவங்களே சொல்லிடுறாங்க. அதனால முழுசா அப்டேட் பண்ணிக்கிட்டே இருக்க முடியாதவங்களுக்கு அது சரிப்படாது. யாருக்கும் தேவைப்படாத அனாதை பேக்கேஜை தேடுற -Qdtல இன்னொரு t சேத்துப் போட்டீங்கன்னா வேற ஏதோ ஒண்ணுக்கு விருப்பத் துணையா இருக்குறதும் லிஸ்ட்ல வந்துடும், காப்பி பண்ற கமாண்டுல எத்தனை t இருக்குன்னு பாத்துக்கோங்க.

ஸிப்பரை யாரும் பேசுறதில்லன்னு எனக்கு ரொம்ப நாளா வருத்தம். லிப்சால்வ் மொதல்ல வந்ததே இங்க தான், 2008ல ஓப்பன்சூஸே 11.0ல. முட்டுச்சுன்னா ஸிப்பர் தானா முடிவெடுக்காது, பிரச்சனை என்னன்னு ஒரு வரி, கீழ வழி 1, வழி 2, வழி 3ன்னு வரிசையா, ஒவ்வொண்ணுலயும் எது போகும், எது பழைய வெர்ஷனுக்கு இறங்கும், எதை ஏத்தாம விடலாம்னு எழுதி நம்பர் கேக்கும். நம்பர் குடுக்காம எண்டர் தட்டினா கேன்சல். டெபியன் பக்கம் ஆப்டிட்யூட்ங்குற இன்னொரு மேனேஜரும் இதே மாதிரி வழி மேல வழி காட்டும், ஆனா அதோட முதல் யோசனை சில சமயம் பாதி சிஸ்டத்தை எடுக்குறதா இருக்கும், வேணாம் வேணாம்னு தள்ளிக்கிட்டே போகணும். ஸிப்பரோட லிஸ்ட் சின்னதா, படிக்கிற மாதிரி இருக்கும்.

குறை இல்லாம இல்ல. ரிமூவ் குடுத்தா அதை நம்பி இருக்குறதையும் சேத்து எடுக்க லிஸ்ட் போட்டுடும், கடைசி கேள்விக்கு டீஃபால்ட் சரி. வீடியோ கோடெக்குக்காக பேக்மேன்னு ஒரு வெளி ரெப்போவை சேப்பாங்க, ஆர்ச்சோட பேக்மேன் வேற இது வேற, அதை சேத்தா எந்த வெண்டர்கிட்ட இருந்து வருதுங்குற கேள்விலயே பாதி முட்டல் வரும். ஆனா இதையெல்லாம் மீறி எனக்கு பிடிச்சதுக்கு காரணம் ஸ்னாப்பர், சிஸ்டத்தோட அப்போதைய நிலையை ஸ்னாப்ஷாட்டா சேத்து வைக்கிற டூல். ஓப்பன்சூஸே டீஃபால்ட்டா ரூட்டை, அதாவது சிஸ்டம் இருக்குற பார்ட்டிஷனை, பிடிஆர்எஃப்எஸ்ங்குற ஃபைல் சிஸ்டத்துல போடும், ஸிப்பர் ஒவ்வொரு தடவையும் வேலைக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு ஸ்னாப்ஷாட் எடுக்கும், டெஸ்க்டாப்பே போனாலும் மெஷின் ஸ்டார்ட் ஆகும்போது வர்ற க்ரப் மெனுல பழைய ஸ்னாப்ஷாட்டை தேர்ந்தெடுத்து பூட் பண்ணி ரோல்பேக் குடுத்தா பழைய நிலைமை. ஹோம் ஃபோல்டர் தனி சப்வால்யூம், உங்க ஃபைல் பின்னாடி போகாது. டிஎன்எஃப் அண்டூ மாதிரி ரெப்போல பழசு இருக்கான்னு பாக்க வேண்டிய அவசியமே இல்ல. ரூட் பார்ட்டிஷனை ரொம்ப சின்னதா குடுத்துட்டா இன்ஸ்டாலர் ஸ்னாப்ஷாட்டை ஆஃப் பண்ணிடும், அதை மட்டும் பாத்து போடணும்.

நாலையும் ஒரே சோதனைல வச்சுப் பாக்கணும்னா பைத்தானை எடுத்துக்கோங்க. புதுசா கத்துக்குறவங்க பழைய பைத்தானை எடுத்துட்டு புதுசு போடலாம்னு நெனைக்கிறது ரொம்ப சகஜம். உபுண்டுல ஆப்ட் ரிமூவ் பைத்தான்3ன்னு குடுத்தா அது அத்தியாவசிய லிஸ்ட்ல இல்லாததால டெஸ்க்டாப்பும் சேத்து பெரிய லிஸ்ட் வரும், எண்டர் தட்டினா போயிடும். பேக்மேன் மறுத்துடும். ஸிப்பர் லிஸ்ட் போட்டு கேக்கும், தப்பினா ஸ்னாப்ஷாட் இருக்கு. ஃபெடோரால டிஎன்எஃப்பே பைத்தான்ல இருந்த காலத்துல, பைத்தான் போனா தானே போகணும், தான் பாதுகாக்கப்பட்டவன்னு மறுத்துடும், 2024ல ஃபெடோரா 41ல வந்த டிஎன்எஃப் 5 பைத்தான்ல இல்ல, அதனால இப்ப அந்த காரணம் கிடையாது.

இதெல்லாம் வேணாம், தூக்குறதுங்குற பேச்சே வரக்கூடாதுன்னா ஃபெடோரா சில்வர்ப்ளூ, நிக்ஸ்ஓஎஸ் மாதிரி இருக்கு. நிக்ஸ்ல ரெண்டு வெர்ஷன் பக்கத்துல பக்கத்துல இருக்கலாம், ஒண்ணு வர இன்னொண்ணு போக வேண்டியதில்ல, பழைய ஜெனரேஷனுக்கு எப்ப வேணாலும் திரும்பலாம். ஆனா கத்துக்க நேரம் எடுக்கும், டிஸ்க்கும் நெறைய எடுக்கும், நேரம் இருக்குறவங்க கண்டிப்பா பாருங்க.

இப்ப யாருக்கு எதுன்னு என்னை கேட்டா, வீட்ல ஒருத்தங்களுக்கு, லிஸ்ட் படிக்காம எண்டர் தட்டுறவங்களுக்கு லினக்ஸ் போட்டுக் குடுக்குறதா இருந்தா நான் ஓப்பன்சூஸே போடுவேன், ஸ்னாப்ஷாட்டோட. போன்ல கூப்பிட்டாலும் க்ரப் மெனுவை எப்படி பிடிக்கிறதுன்னு சொல்லிக் குடுத்துடலாம். சொந்த லேப்டாப்ல புது சாஃப்ட்வேர் வேணும், வெளி ரெப்போவும் சேப்பேன்னா ஃபெடோரா, தனி பெர்மிஷன் கேக்குற அந்த ஒரு குணத்துக்காகவே. வாரா வாரம் முழுசா அப்டேட் பண்ணி, கேக்குற கேள்வியப் படிக்கிற ஆளுன்னா ஆர்ச் தாராளமா போடலாம், யாரும் பயமுறுத்த விடாதீங்க. உபுண்டு தான் வேணும், பழகிடுச்சுன்னா மாத்தச் சொல்ல மாட்டேன், பிபிஏவை (தனி ஆளுங்க நடத்துற வெளி ரெப்போ) கம்மியா சேருங்க, முக்கியமா 64-பிட்டுக்கு மட்டும் புது லைப்ரரி குடுத்துட்டு 32-பிட்டை விட்டுடுற பிபிஏவை, ஸ்டீமும் விண்டோஸ் ப்ரோகிராமை லினக்ஸ்ல ஓட்டுற வைனும் வச்சிருக்கவங்களுக்கு முட்டல் வர்ற வழி அது தான்.

சர்வருக்கு மட்டும் என் பதில் வேற, அங்க டெபியன் ஸ்டேபிள் தான். ஸ்டேபிள் ரிலீஸுக்குள்ள பேக்கேஜ் பேர் மாறுறதோ புது முட்டல் வர்றதோ ரொம்ப அபூர்வம், அதனால சால்வர் மாட்டிக்கிற சந்தர்ப்பமே கம்மி. தானா அப்டேட் ஆகுற அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்லயும் டீஃபால்ட்டா பழைய கெர்னலையும், அந்த அப்கிரேடால புதுசா தேவையில்லாம போனதையும் மட்டும் தான் எடுக்கும், ஏற்கனவே அனாதையா கெடக்குறதை தொடாது, அந்த செட்டிங்கை அப்படியே விட்டுடுங்க.

ஏற்கனவே எண்டர் தட்டியாச்சு, இப்ப தான் கண்ணுல பட்டுச்சுன்னு இதை படிக்கிறவங்களுக்கு: ரீபூட் பண்ணாதீங்க, டெர்மினலை மூடாதீங்க, நெட்வொர்க் இன்னும் இருக்கும், அது இருக்குற வரைக்கும் சரி பண்றது சுலபம். ஆப்ட்னா வார் லாக் ஆப்ட்குள்ள ஹிஸ்டரி லாக் ஃபைல் இருக்கும், அதுல கடைசி என்ட்ரில ரிமூவ்னு ஆரம்பிக்கிற வரில போனது எல்லாத்தோட பேரும் இருக்கும். டெஸ்க்டாப் பேக்கேஜையும் நெட்வொர்க் மேனேஜரையும் முதல்ல ஏத்துங்க, மத்ததை அப்புறம் நிதானமா பாத்துக்கலாம். பேக்மேன்னா வார் லாக்ல பேக்மேன் லாக், டிஎன்எஃப்னா ஹிஸ்டரி குடுத்து கடைசி நம்பர். திரும்ப ஏத்தும்போதும் லிஸ்ட் வரும், அதுலயும் எதாவது போகுதான்னு பாத்துட்டு ஒய் தட்டுங்க.